லினக்ஸில் அசெம்பிளி: மூன்று வரி நிரலிலிருந்து வேலி–மா கணக்கு வரை

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று நம் பக்கத்துக் கல்லூரிகளில் கணினியோ மின்னணுவியலோ படிக்கிறவர்கள் செயலியின் கட்டளைகளை நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழியை முதலில் சந்திப்பது பெரும்பாலும் ஆய்வகத்தில், 8085 அல்லது 8086 செயலி கிட் முன்னால்தான். ரெக்கார்டு நோட்டில் இருக்கிற ஹெக்ஸ் எண்களை வரிசையாகத் தட்டி, விடை வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். செமஸ்டர் முடிந்தால் எல்லாம் மறந்துபோகும். நடுவில் எந்த ரெஜிஸ்டரில், அதாவது செயலிக்குள் இருக்கிற எந்தச் சின்னச் சேமிப்பிடத்தில், என்ன இருந்தது என்று கண்ணால் பார்க்காததே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அசெம்பிளிக்கு மனப்பாடம் தேவையில்லை, ஒவ்வொரு அடியிலும் பார்த்துப் பழகினால் போதும். அதற்கு லினக்ஸைவிட நல்ல இடம் கிடையாது. நிரலை இயந்திர மொழியாக்கும் அசெம்ப்ளர், அதை ஓடக்கூடிய கோப்பாக்கும் லிங்கர், அடி அடியாக நடத்திக் காட்டும் டிபக்கர் மூன்றும் காசில்லாமல் கிடைக்கின்றன. லினக்ஸின் மையமான கெர்னலின் மூலநிரலே திறந்து கிடக்கிறது. நாம் சொன்னதைக் கணினி எப்படிப் புரிந்துகொண்டது என்பதைக் கடைசி பைட் வரை தோண்டிப் பார்க்கலாம்.

சி மொழியில் மாறி, சுற்று, ஃபங்ஷன் இந்த மூன்றும் ஓரளவு தெரிந்திருந்தால் இந்த வழிகாட்டியைத் தொடரலாம்.

தேவையானவை

புது கணினி வேண்டாம். அரசு கொடுத்த பழைய மடிக்கணினி ஓடினால் அதுவே தாராளம். அதில் உபுண்டு, டெபியன், அல்லது டெபியனை வைத்து சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என எது இருந்தாலும் சரி. முதலில் டெர்மினலைத் திறந்து இதை அடியுங்கள்:

யுநேம் -எம்

விடையாக எக்ஸ்86_64 என்று வந்தால் உங்களுடையது 64 பிட் லினக்ஸ். கீழே உள்ளதெல்லாம் அதற்குத்தான். ஐ686 என்று வந்தால் அது 32 பிட். அப்படியானால் 64 பிட் பதிப்பை நிறுவிக்கொண்டு வருவது நல்லது, ஏனென்றால் இரண்டிலும் ரெஜிஸ்டர் பெயர்களும் கெர்னலிடம் வேலை சொல்லும் எண்களும் வேறு.

எழுதும் முறை பற்றி ஒரு விஷயம். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். மூவ் என்பது எம், ஓ, வி என்ற மூன்று எழுத்து. ஆர்ஏஎக்ஸ் என்பது ஆர், ஏ, எக்ஸ். நாஸ்ம் என்பது என், ஏ, எஸ், எம். ஈக்யூ என்பது இ, க்யூ, யு. ஐமுல், டிவ், ஆட், சப், டெக் எல்லாமே இப்படி நான்கெழுத்துக்குள் அடங்கும். நிரலின் இடங்களுக்கு நாம் வைக்கும் லேபிள் பெயர்கள், _ஸ்டார்ட் தவிர, உங்கள் விருப்பம், அவற்றையும் ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். அரைப்புள்ளிக்கு அப்புறம் வரும் குறிப்புகளை மட்டும் தமிழிலேயே எழுதலாம், அசெம்ப்ளர் அதைக் கண்டுகொள்ளாது.

சரி, கருவிகளை நிறுவலாம்:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் நாஸ்ம் பின்யுடில்ஸ் ஜிடிபி எஸ்ட்ரேஸ் மேன்பேஜஸ்-டெவ்

நாஸ்ம்தான் அசெம்ப்ளர். பின்யுடில்ஸ் தொகுப்பில் எல்டி என்ற லிங்கர் வரும். ஜிடிபி டிபக்கர். எஸ்ட்ரேஸ் உங்கள் நிரல் கெர்னலிடம் என்னென்ன கேட்டது என்று காட்டிக்கொடுக்கும். கடைசியில் உள்ள மேன்பேஜஸ்-டெவ்வைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து இணையம் போனாலும் "மேன் 2 ரைட்" என்று அடித்தால் முழு விளக்கமும் உங்கள் கணினியிலேயே இருக்கும்.

லினக்ஸோடு வரும் ஜிஎன்யு அசெம்ப்ளரையே ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். அது இயல்பாக ஏடி அண்ட் டி எழுத்துமுறையில் இயங்கும். அதில் மூலம் முன்னால், இலக்கு பின்னால் வரும், ரெஜிஸ்டருக்கு முன் சதவீதக் குறி போட வேண்டும். நாஸ்ம் இன்டெல் முறையில் எழுதுகிறது: இலக்கு முதலில், மூலம் அடுத்து. 8086 பாடத்தில் நீங்கள் பார்த்ததும் இதே வரிசைதான். ஆகவே தொடங்குகிறவருக்கு நான் நாஸ்மைத்தான் சொல்வேன்.

முதல் நிரல்: வெளியேறுவது மட்டும்

எல்லோரும் "ஹலோ வேர்ல்ட்" எழுதித் தொடங்குவார்கள். அசெம்பிளியில் அது இரண்டாவது அடி. முதலில், ஒன்றுமே செய்யாமல் ஒழுங்காக முடிகிற நிரல் ஒன்றை எழுதுவோம். முதல்.ஏஎஸ்எம் என்ற பெயரில் ஒரு கோப்பு திறந்து இதை எழுதுங்கள்:

செக்ஷன் .டெக்ஸ்ட்
குளோபல் _ஸ்டார்ட்
_ஸ்டார்ட்:
    மூவ் ஆர்ஏஎக்ஸ், 60
    மூவ் ஆர்டிஐ, 7
    சிஸ்கால்

அப்புறம் டெர்மினலில்:

நாஸ்ம் -எஃப் எல்ஃப்64 முதல்.ஏஎஸ்எம் -ஓ முதல்.ஓ
எல்டி முதல்.ஓ -ஓ முதல்
./முதல்
எக்கோ $?

திரையில் 7 வந்தால் நீங்கள் லினக்ஸில் அசெம்பிளி எழுதிவிட்டீர்கள். டாலர்–கேள்விக்குறி என்பது கடைசியாக ஓடிய நிரல் விட்டுச்சென்ற எண்.

வேலை செய்தவை கடைசி மூன்று வரிகள்தான். ஒரு நிரல் திரையையோ கோப்பையோ நெட்வொர்க்கையோ தானாகத் தொட முடியாது, தன்னைத் தானே முடித்துக்கொள்ளவும் முடியாது. நம் ஊர் வாய்க்காலில் தலைமதகை நாமே போய்த் திருக முடியாது, எந்த மதகு, எவ்வளவு என்று லஸ்கரிடம் சொன்னால் அவர் திறந்துவிடுவார். கெர்னலும் அப்படித்தான். என்ன வேலை என்ற எண்ணை ஆர்ஏஎக்ஸில் வைக்கிறோம், அந்த வேலைக்கான விவரங்களை மற்ற ரெஜிஸ்டர்களில் வைக்கிறோம், சிஸ்கால் என்று கூப்பிடுகிறோம். 60 என்றால் வெளியேறு. 0 படி, 1 எழுது, 2 கோப்பைத் திற, 3 மூடு.

விவரங்கள் வைக்கும் வரிசை நிரந்தரமானது: ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்10, ஆர்8, ஆர்9. வேலை முடிந்ததும் பதில் ஆர்ஏஎக்ஸிலேயே வரும். எதிர்மறை எண் வந்தால் பிழை என்று பொருள். இந்தப் பக்கத்தில் மனப்பாடமாக இருந்தால் நல்லது என்று நான் சொல்லும் ஒரே விஷயம் இந்த வரிசைதான். அதுவும் நாலு நிரல் எழுதினால் தானாக வந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள் பலவற்றில் சிஸ்கால் என்பதற்குப் பதில் "இன்ட் 80 ஹெக்ஸ்" என்றும், எழுதுவதற்கு 4, வெளியேறுவதற்கு 1 என்றும் இருக்கும். அது 32 பிட் லினக்ஸின் வழி. 64 பிட் கணினியிலும் அது பாதி நேரம் ஓடிவிடும், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. முகவரிகளின் மேல்பாதியைக் கத்தரித்துவிடுவதால், நிரலின் தற்காலிக நினைவிடமான ஸ்டாக்கில் உள்ள தரவைக் கொடுத்தால் எதுவும் அச்சாகாமல் −14 என்ற பிழை மட்டும் திரும்பும். இரண்டு பாடங்களைக் கலந்து படிக்காதீர்கள்.

வெளியேறும் எண்ணில் ஒரு கணக்கு

தஞ்சை வட்டாரத்தில் 1 வேலி என்றால் 20 மா, 1 மா என்றால் 100 குழி. பத்திரத்தில் ஏக்கர், ஹெக்டேர் என்று எழுதினாலும், "எத்தனை மா நடவு?" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறோம். இந்தக் கணக்கையே நிரலாக்குவோம். 3 வேலிக்கு எத்தனை மா? _ஸ்டார்ட் வரிக்குக் கீழே உள்ளதை இப்படி மாற்றுங்கள்:

    மூவ் ஆர்டிஐ, 3
    ஐமுல் ஆர்டிஐ, ஆர்டிஐ, 20
    மூவ் ஆர்ஏஎக்ஸ், 60
    சிஸ்கால்

எக்கோ 60 காட்டும். இப்போது 3 என்பதை 13 ஆக்கி ஓட்டுங்கள். 260 வர வேண்டும், ஆனால் 4 வரும். பெருக்கல் தப்பவில்லை. வெளியேறும் எண்ணில் கடைசி 8 பிட் மட்டும்தான் டெர்மினலில் ஓடும் ஷெல்லுக்குப் போய்ச் சேரும், அதாவது 0 முதல் 255 வரை. 260இல் 256 போக மிச்சம் 4.

இதை நம்ப வேண்டாம், பாருங்கள். ஜிடிபி ./முதல் என்று தொடங்கி, உள்ளே முதலில் "செட் டிஸ்அசெம்பிளி-ஃபிளேவர் இன்டெல்" என்று கொடுங்கள். அப்புறம் "லேஅவுட் ரெக்ஸ்" (ஆர், இ, ஜி, எஸ்). அப்புறம் "ஸ்டார்ட்ஐ". மேலே எல்லா ரெஜிஸ்டரும், கீழே உங்கள் கட்டளைகளும் தெரியும். "எஸ்ஐ" என்று அடித்தால் ஒரே ஒரு கட்டளை ஓடும், மாறிய ரெஜிஸ்டர் தனித்துத் தெரியும். ஐமுல் ஓடி முடித்ததும் ஆர்டிஐயில் 260 முழுதாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம். நம் விடை சரி, வெளியே எடுத்துச் சென்ற வழிதான் குறுகல்.

இந்த நான்கு ஜிடிபி கட்டளைகளை முதல் நாளே கை பழக்கிக்கொள்ளுங்கள். பிழை வந்த பிறகு டிபக்கரைத் தேடுவது சி-யில் சமாளிக்கக்கூடிய பழக்கம், அசெம்பிளியில் அது வேலைக்கு ஆகாது. சரியாக ஓடுகிற நிரலையும் ஒரு தடவை எஸ்ஐ போட்டு நடத்திப் பார்ப்பவர்தான் சீக்கிரம் கற்கிறார்.

திரையில் தமிழ்

இப்போது பெயர்.ஏஎஸ்எம் என்ற புதுக் கோப்பில் எழுதலாம், தமிழிலேயே:

செக்ஷன் .டேட்டா
பெயர்: டிபி "காவிரி", 10
நீளம் ஈக்யூ $ - பெயர்

செக்ஷன் .டெக்ஸ்ட்
குளோபல் _ஸ்டார்ட்
_ஸ்டார்ட்:
    மூவ் ஆர்ஏஎக்ஸ், 1
    மூவ் ஆர்டிஐ, 1
    மூவ் ஆர்எஸ்ஐ, பெயர்
    மூவ் ஆர்டிஎக்ஸ், நீளம்
    சிஸ்கால்
    மூவ் ஆர்ஏஎக்ஸ், 60
    மூவ் ஆர்டிஐ, 0
    சிஸ்கால்

டிபி என்றால் இந்த பைட்டுகளை அப்படியே வை என்று பொருள். மேற்கோளுக்குள் இருக்கும் காவிரியை மட்டும் தமிழ் எழுத்திலேயே அடியுங்கள். 10 என்பது அடுத்த வரிக்குப் போகும் குறி. டாலர் குறி "இப்போது நிற்கிற முகவரி". அதிலிருந்து பெயர் தொடங்கிய முகவரியைக் கழித்தால் நீளம் கிடைத்துவிடும், நாம் எண்ண வேண்டியதில்லை.

எண்ணினால் என்ன ஆகும்? காவிரி மூன்றெழுத்துதானே என்று ஆர்டிஎக்ஸில் 3 வைத்து ஓட்டிப் பாருங்கள். திரையில் "க" மட்டும் நிற்கும். 6 வைத்தால் "கா". நமக்கு மூன்றாகத் தெரிகிற சொல் யூனிகோடில் ஆறு குறியீடு: க, துணைக்கால், வ, இகரக் கொக்கி, ர, மறுபடி கொக்கி. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 18, வரிக் குறியோடு 19. 4 வைத்துப் பாருங்கள், "க"வுக்குப் பக்கத்தில் ஒரு உடைந்த குறி வரும். துணைக்காலின் முதல் பைட் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எஸ்ட்ரேஸ் ./பெயர் என்று ஓட்டினால் இதையே கெர்னலின் பக்கத்திலிருந்து பார்க்கலாம். ரைட் என்ற வரியில் தமிழுக்குப் பதில் 340, 256, 225 என்று எண்கள் ஓடும். அவை எட்டடிமான எண்கள். ஹெக்ஸில் ஈ0, ஏஈ, 95, அதாவது "க". வரியின் கடைசியில் "= 19" என்று இருக்கும். கேட்டபடி 19 பைட்டும் எழுதியாயிற்று என்று கெர்னல் தந்த பதில் அது. சில டெர்மினல்களில் துணைக்காலும் கொக்கியும் இடம் தள்ளித் தெரியலாம். அது எழுத்துருவின் வேலை. எஸ்ட்ரேஸில் 19 இருந்தால் உங்கள் நிரல் சரி.

தமிழ் மென்பொருளில் எழுத்து எண்ணுவது, சொல்லை வெட்டுவது, தலைகீழாக்குவது ஏன் அடிக்கடி சொதப்புகிறது என்பதை இந்த ஒரு பயிற்சி போல வேறெதுவும் தெளிவாகச் சொல்லித்தராது.

மாவை வேலியாக்குவது

இனி உண்மையான வேலை. 67 மா என்றால் 3 வேலி 7 மா. ஒரு வகுத்தலில் ஈவும் மீதியும் வேண்டும், டிவ் கட்டளை இரண்டையும் சேர்த்தே தருகிறது. ஆனால் எண்ணை அச்சிட கெர்னலில் தனிச் சேவை கிடையாது. 67 என்ற எண்ணை "6", "7" என்ற எழுத்துகளாக நாம்தான் மாற்ற வேண்டும். அதற்கும் பத்தால் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டே போக வேண்டும்.

செக்ஷன் .பிஎஸ்எஸ்
இடம்: ரெஸ்பி 21

செக்ஷன் .டெக்ஸ்ட்
குளோபல் _ஸ்டார்ட்

அச்சு:
    மூவ் ஆர்எஸ்ஐ, இடம் + 20
    மூவ் பைட் [ஆர்எஸ்ஐ], 10
    மூவ் ஆர்பிஎக்ஸ், 10
.சுற்று:
    எக்ஸ்ஓஆர் இடிஎக்ஸ், இடிஎக்ஸ்
    டிவ் ஆர்பிஎக்ஸ்
    ஆட் டிஎல், 48
    டெக் ஆர்எஸ்ஐ
    மூவ் [ஆர்எஸ்ஐ], டிஎல்
    டெஸ்ட் ஆர்ஏஎக்ஸ், ஆர்ஏஎக்ஸ்
    ஜேஎன்இசட் .சுற்று
    மூவ் ஆர்டிஎக்ஸ், இடம் + 21
    சப் ஆர்டிஎக்ஸ், ஆர்எஸ்ஐ
    மூவ் ஆர்ஏஎக்ஸ், 1
    மூவ் ஆர்டிஐ, 1
    சிஸ்கால்
    ரெட்

_ஸ்டார்ட்:
    மூவ் ஆர்ஏஎக்ஸ், 67
    எக்ஸ்ஓஆர் இடிஎக்ஸ், இடிஎக்ஸ்
    மூவ் ஆர்சிஎக்ஸ், 20
    டிவ் ஆர்சிஎக்ஸ்
    புஷ் ஆர்டிஎக்ஸ்
    கால் அச்சு
    பாப் ஆர்ஏஎக்ஸ்
    கால் அச்சு
    மூவ் ஆர்ஏஎக்ஸ், 60
    எக்ஸ்ஓஆர் இடிஐ, இடிஐ
    சிஸ்கால்

ஓட்டினால் ஒரு வரியில் 3, அடுத்த வரியில் 7. ரெஸ்பி வரி 21 பைட் இடம் ஒதுக்குகிறது. 21 ஏன்? 64 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணுக்கு 20 இலக்கம், அதோடு ஒரு வரிக் குறி. இலக்கங்கள் கடைசியிலிருந்து கிடைப்பதால் இடத்தைப் பின்னாலிருந்து நிரப்புகிறோம். 48 என்பது "0" என்ற எழுத்தின் குறியீடு. மீதி 7 என்றால் 55, அதாவது "7". முதல் மீதியை அச்சு ஃபங்ஷன் அழித்துவிடும் என்பதால் அதைப் புஷ் செய்து ஸ்டாக்கில் காப்பாற்றி, பிறகு பாப் செய்து எடுக்கிறோம்.

ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கும் எக்ஸ்ஓஆர் வரிகள்தான் இங்கே உயிர்நாடி. டிவ் வகுப்பது ஆர்ஏஎக்ஸை மட்டுமல்ல. ஆர்டிஎக்ஸையும் ஆர்ஏஎக்ஸையும் சேர்த்து 128 பிட் எண்ணாக எடுத்துக்கொண்டு வகுக்கும். ஈவு ஆர்ஏஎக்ஸில், மீதி ஆர்டிஎக்ஸில். ஆகவே முன்பு மிச்சமிருந்த எதையும் ஆர்டிஎக்ஸில் விட்டுவைக்கக் கூடாது. 32 பிட் பாதியான இடிஎக்ஸைப் பூஜ்யமாக்கினால் முழு ஆர்டிஎக்ஸும் பூஜ்யமாகிவிடும், இந்தச் செயலியின் விதி அது. டிஎல் போன்ற 8 பிட் பகுதிக்கு அந்தச் சலுகை கிடையாது.

சுற்றுக்குள் இருக்கிற எக்ஸ்ஓஆரை வேண்டுமென்றே நீக்கிவிட்டு 67க்கும் 75க்கும் ஓட்டிப் பாருங்கள். 75இல் "ஃபுளோட்டிங் பாயிண்ட் எக்செப்ஷன்" என்று நிரல் நின்றுபோகும். தசம எண்ணே இல்லாத நிரலில் இந்தச் செய்தி பலரைக் குழப்பியிருக்கிறது. மீதி 15, அடுத்த வகுஎண் 10. மேல்பாதி வகுஎண்ணைவிடச் சிறியதாக இல்லாவிட்டால் ஈவு 64 பிட்டில் அடங்காது, செயலி கையை விரித்துவிடும். லினக்ஸ் அதை இந்தப் பெயரில் அறிவிக்கிறது. 67இல் மீதி 7, அது பத்தைவிடச் சிறியது, ஆகவே வகுத்தல் நடந்துவிடும், ஆனால் ஈவு பிரம்மாண்டமான தப்பு எண். 48 கூட்டிய மீதி ஆர்டிஎக்ஸிலேயே தங்கிவிடுவதால் அடுத்த சுற்றில் மேல்பாதி பத்தைத் தாண்டியிருக்கும், அங்கே இதே பிழையில் விழும். பிழைச் செய்தி ஒன்றுதான், ஆனால் 75 முதல் சுற்றிலும் 67 இரண்டாவது சுற்றிலும் விழுகிறது. ஜிடிபியில் ஆர்டிஎக்ஸைப் பார்த்துக்கொண்டே நடந்தால் இரண்டுக்கும் காரணம் உடனே பிடிபடும்.

ஆர்பிஎக்ஸை ஏன் எடுத்தேன், ஆர்சிஎக்ஸையே தொடர்ந்திருக்கலாமே? இந்த நிரலில் தொடர்ந்திருக்கலாம். ஆனால் சிஸ்கால் கட்டளை ஆர்சிஎக்ஸையும் ஆர்11ஐயும் அழித்துவிடும். சுற்று எண்ணிக்கையை ஆர்சிஎக்ஸில் வைத்துக்கொண்டு நடுவில் எழுதினால் எண்ணிக்கை காணாமல் போகும். சிஸ்காலைத் தாண்டி வாழ வேண்டிய எதையும் அங்கே வைக்காத பழக்கம் இப்போதே வரட்டும்.

அடுத்து

67ஐ நிரலுக்குள் எழுதாமல் விசைப்பலகையிலிருந்து வாங்குங்கள். ஆர்ஏஎக்ஸில் 0, ஆர்டிஐயில் 0, ஆர்எஸ்ஐயில் ஒரு இடம், ஆர்டிஎக்ஸில் அதன் அளவு. நீங்கள் 67 என்று அடித்து என்டர் தட்டினால் 54, 55, 10 என்று மூன்று பைட் வரும், ஆர்ஏஎக்ஸில் 3 திரும்பும். 10 வரும் வரை ஒவ்வொன்றிலும் 48 கழித்து, பழைய மதிப்பைப் பத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். இதை நான் எழுதித் தரப்போவதில்லை, மேலே உள்ளதைப் புரிந்தவருக்கு ஒரு சாயங்கால வேலை.

பிறகு சி-யில் "இருபதால் வகு" என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, ஜிசிசி-க்கு -ஓ2, பெரிய எழுத்து எஸ் கொண்ட -எஸ், -எம்ஏஎஸ்எம்=இன்டெல் ஆகிய மூன்றையும் கொடுத்து, அது எழுதும் அசெம்பிளியைப் படியுங்கள். டிவ் இருக்காது. ஏதோ ஒரு பெரிய எண்ணால் பெருக்கி, வலப்பக்கம் நகர்த்தியிருக்கும். வகுத்தல் செயலிக்கு மெதுவான வேலை என்பதால் கம்பைலர் அதைத் தவிர்க்கப் பெருக்கலாக்குகிறது.

மடிக்கணினி இல்லை, ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான் என்றால் டெர்மக்ஸில் பின்யுடில்ஸ் நிறுவிப் பழகலாம். ஆனால் பெரும்பாலான போன்களிலும் ராஸ்பெர்ரி பையிலும் இருப்பது ஆர்ம் செயலி. நாஸ்ம் அங்கே பயன்படாது, ஏஎஸ் என்ற ஜிஎன்யு அசெம்ப்ளர்தான். 64 பிட் ஆர்மில் வேலை எண் எக்ஸ்8 ரெஜிஸ்டரில் போகும், விவரங்கள் எக்ஸ்0, எக்ஸ்1, எக்ஸ்2 என்று வரிசையாக. எழுதுவதற்கு 64, வெளியேறுவதற்கு 93, கூப்பிடும் கட்டளை எஸ்விசி 0. வகுக்கும் யுடிவ் அங்கே ஈவை மட்டும் தரும். மீதி வேண்டுமென்றால் எம்சப் கட்டளையால் ஈவை வகுஎண்ணோடு பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். பூஜ்யத்தால் வகுத்தாலும் அந்தச் செயலி நிரலை நிறுத்தாது, சும்மா 0 என்று தந்துவிட்டுப் போகும். ஆகவே போனில் எழுதும்போது வகுஎண் பூஜ்யமா என்று வகுப்பதற்கு முன்னாலேயே நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.